கறுப்புப் பூச்சுக்கு அடியில்: வடமராட்சியில் ஒரு கெப் வாகனத்துக்குக் கறள் காப்பு

கடந்த ஆண்டு ஆவணியில் ஐந்து கிழமை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அதில் எட்டு நாள்களுக்கு மேல் அத்தானின் கெப் (பின்தட்டுள்ள பிக்கப்) வாகனத்தோடுதான் கழிந்தது. கனடாவில் குளிர்காலம் தொடங்குமுன் கறள் (துரு) பிடிக்காமலிருக்க ஆண்டுதோறும் வாகனத்தின் அடியில் எண்ணெய் விசிறிப் பழகிய நம்மவர்கள், அதே வேலையை ஊரில் இருக்கும் உறவினரின் வாகனத்துக்கும் செய்துகொடுக்க விரும்புவது இயல்பு. அங்கே அந்தச் சேவை எப்படிக் கிடைக்கிறது, எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

வாகனம் 2008ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ், நான்கு சில்லும் இழுப்பது. அத்தான் மருதங்கேணி, தாளையடிப் பக்கத்துக் கரைகளில் மீன் எடுத்து நெல்லியடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோகிறவர். கரைவலை இழுக்கும் இடம் வரை மணலில் இறங்க வேண்டியிருப்பதால் சாதாரண வான் அவருக்கு உதவாது. 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை காணி விலையோடு போட்டி போட்டது. திறந்த பிறகும் வரியைக் கேட்டவுடன் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். “புதுசு எடுக்கிற கதையை விடும் தம்பி, இதைக் காப்பாற்றித் தாரும்” என்றுதான் அத்தான் தொடங்கினார்.

ஒன்ராறியோவின் உப்பையும் வடமராட்சியின் உப்பையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு போனது என் முதல் பிழை. ரொறன்ரோவில் வீதிக்கு உப்புப் போடுவது குளிர்காலத்தில் மட்டுமே. கடுங்குளிரில் கறள் பிடிக்கும் வேகமும் குறைவு. வசந்தத்தில் ஒரு முறை நன்றாகக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். வடமராட்சி கிழக்கில் கடற்காற்று ஆண்டு முழுவதும் உப்பைக் கொண்டுவந்து இரும்பில் படியவைக்கிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கரையோர இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது வழமை என்பதால், ஒரு துளி மழை பெய்யாத மாதத்திலும் வாகனத்தின் அடி இரவெல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்தே நிற்கிறது. இதற்கு மேல், பின்தட்டில் அடுக்கும் றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி மீன்நீரோடு சேர்ந்து வடிவதும் உண்டு. அந்த நீர் எங்கே போகிறது என்று பதினேழு ஆண்டுகளாக ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

முதலில் போனது பிரதான வீதியோரத்தில் இருந்த ஒரு பெரிய சேர்விஸ் நிலையம். வரவேற்பும் உபசரிப்பும் குறைவில்லை. தேநீர் கொடுத்தார்கள், தொலைபேசியில் படங்கள் காட்டினார்கள். வாகனத்தை ஹொயிஸ்ரில் ஏற்றி, அமுக்கப் பம்பினால் கழுவி, அரை மணித்தியாலம் கூடச் செல்லாமல் கறுப்புத் தார்ப் பூச்சை அடிக்கத் தொடங்கினார்கள். வாகனத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின், அதாவது சாசியின், மூலைகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினேன். “அது காய்ஞ்சிடும் அண்ணை, நாங்கள் எல்லாருக்கும் இப்பிடித்தான் அடிக்கிறது” என்றார் அந்த இளைஞர். நிறுத்தச் சொல்லி நான் குரலை உயர்த்துவதற்குள் முன்சில்லுகளின் மேற்பகுதி, சைலென்சர், பின் பிறேக்கின் அழுத்தத்தைப் பாரத்துக்கு ஏற்பச் சீராக்கும் சிறு வால்வின் கம்பி மூட்டு எல்லாம் கறுப்பாகிவிட்டன. வீட்டுக்கு வரும் வழி முழுவதும் சைலென்சரிலிருந்து தார் கருகும் மணம். அடுத்த நாள் பார்த்தபோது, வலது முன்சில்லுக்கு உட்புறமாகச் சட்டத்தில் பொறித்திருக்கும் சாசி இலக்கமும் மூடப்பட்டிருந்தது. வாகனம் கைமாறும்போது அந்த இலக்கத்தைத்தான் தேடுவார்கள். தெரியாவிட்டால் வீண் சந்தேகம். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஒரு பின்னேரம் முழுவதும் தேய்த்துத்தான் அதை வெளிக்கொண்டுவர முடிந்தது.

இந்தத் தார்ப் பூச்சு தன்னளவில் கெட்டதன்று. புது இரும்பில், நன்றாகக் காய்ந்த இரும்பில் அடித்தால் கல் தெறிப்பதைத் தாங்கும். ஏற்கெனவே கறள் இருக்கும் இடத்தில் அடித்தால், இரும்பு கறளாகி முன்னையதைவிடப் பல மடங்கு பருத்துப் பூச்சைத் தூக்கிவிடுகிறது. தூக்கிய இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்து வெளியே வர வழியில்லாமல் நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வாகனம் புதுசு போல மினுங்கும். நம் ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்தவர் கேட்டால் மினுக்கத்தைத்தான் கேட்கிறார் என்று கடைக்காரர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதற்கு நாமும் ஓரளவு காரணம்.

பிறகு மருமகன் விசாரித்துக் கொடிகாமப் பக்கத்தில் தகடு வெட்டி ஒட்டும் ஒரு ரிங்கர் வேலைக் கராச்சுக்குக் கூட்டிப்போனான். ஓலைக் கொட்டில், ஒரு வெல்டிங் இயந்திரம், வாகனத்தை ஏற்றிவிட்டுக் கீழே நிற்க ஒரு குழி, அவ்வளவுதான். அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் பூச்சைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. சிறு சுத்தியலை எடுத்துச் சாசியை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்றது. பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடத்தில் சத்தம் மந்தமாகி, சட்டி உடைந்த ஓசை போலக் கேட்டது. “உள்ளுக்கை மண் இருக்கு தம்பி, இரும்பு இல்லை” என்றார்.

நான் கனடாவிலிருந்து தொலைபேசியில் பொருத்தும் சிறு குழாய்க் கமரா ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். கீழே இருந்த வடிதுளை ஒன்றின் வழியே அதைச் செலுத்திப் பார்த்தோம். ஹைலக்ஸ் போன்ற வாகனங்களின் சட்டம் உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி போன்றது. மணலில் ஓடும்போது சில்லுகள் வாரியிறைக்கும் மண் துளைகளால் உள்ளே போகிறது. வடிதுளைகள் அடைபட்டதும் அங்கேயே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. திரையில் தெரிந்தது ஈர மணலும் அதன்மேல் பாளம் பாளமாக உதிர்ந்த கறளும். ஒரு விரல் நுழையும் அளவுக்கு உள்ளிருந்தே ஓட்டை விழுந்திருந்தது. வெளியே அதன் மேல் நேற்றைய கறுப்புப் பூச்சு அழகாகத்தான் இருந்தது. சட்டம் கறள் தின்னும் இந்தப் பிரச்சினை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவில் டகோமா, ருன்ட்ரா, செக்கோயா வாகனங்களின் சட்டங்கள் கறள் பிடித்ததற்காக 2016இல் ரொயோட்டா ஒரு பெரிய வழக்கை இணக்கமாகத் தீர்த்துக்கொண்டது. அந்தச் செய்தியைச் சொன்னபோது ரிங்கர் ஐயா வியப்படையவில்லை. “அங்கையும் உப்புத்தானே” என்றார்.

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டவற்றுள் பெரியது. “எந்தக் கிணத்துத் தண்ணியிலை கழுவினவை?” கரையோரக் கிணறுகள் பலவும் உவர். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் கடல்நீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம். கரையை அண்டியும், அளவுக்கு மிஞ்சி இறைத்தும் போனால் உப்பு ஏறிவிடும். முதல் நிலையத்துக்கு மருமகனை அனுப்பி ஒரு போத்தல் தண்ணீர் எடுப்பித்து வாயில் விட்டுப் பார்த்தேன். உவர்ப்பை நாக்கே சொன்னது. உப்பைப் போக்கப் போன இடத்தில், அமுக்கப் பம்பினால் உப்புத் தண்ணீரைச் சட்டத்தின் உட்புறம் வரை அடித்து, அதன்மேல் தாரையும் பூசி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களும் அறிந்து செய்ததாக நான் நினைக்கவில்லை. வாகனம் கழுவ நன்னீர் வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கழுவுவதை நாங்களே செய்தோம். சித்தி வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர். சாதாரணத் தோட்டக் குழாயை வடிதுளைகளில் செருகி, மறுமுனையில் தெளிந்த தண்ணீர் வரும் வரை விட்டோம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு வாளி மணல் வந்தது. பிறகு பின்பக்கத்தை உயர்த்தி இரண்டு நாள் சோளகக் காற்றில் நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் கராச்சில் கொம்பிறசரால் உள்ளே காற்றடித்தோம். ஆவணி மாதத்து வறண்ட காற்று இந்த வேலைக்கு வாய்த்த காற்று. மாரி தொடங்கிய பிறகு போகிறவர்கள் சட்டத்தின் உள்ளே காயவைக்க முடியும் என்று நம்ப வேண்டாம்.

ஓட்டையை அடைத்த முறையையும் சொல்ல வேண்டும். ரிங்கர் ஐயா மேலே தகடு வைத்து ஒட்டவில்லை. மணியான இரும்பு வரும் வரை வெட்டி எடுத்தார். பிறகு அதே தடிப்பான தகட்டை உள்ளே பொருத்தி வெல்ட் செய்து, அதன்மேல் இரு முனைகளும் கூரான இன்னொரு தகட்டை வைத்தார். நேராக வெட்டிய விளிம்பில் ஒட்டினால் பாரம் ஏறும்போது அந்தக் கோட்டிலேயே சட்டம் வெடிக்கும் என்பது அவர் விளக்கம், அது சரியான விளக்கமும் கூட. வெல்டிங் தொடங்குமுன் பற்றரியின் இணைப்பைக் கழற்ற மறக்கவில்லை. வெளிப்பக்கத்தில் கம்பித் தூரிகை போட்டு, கறள் மாற்றும் அமிலத் திரவம் தடவி, அது காய்ந்தபின் றெட் ஒக்சைட் அடிப்பூச்சு அடித்தார். நாகம் (துத்தநாகம்) கலந்த பிறைமர் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். அது வெறும் இரும்பில் ஒட்டினால்தான் வேலை செய்யும், கறளின் எச்சம் உள்ள இடத்தில் காசு வீண் என்று மறுத்துவிட்டார்.

சட்டத்தின் உட்புறத்துக்கு அவர் சொன்ன வைத்தியம் கழிவு ஒயில். ஊரில் பலரும் இதைத்தான் செய்கிறார்கள், ஒரு சதமும் செலவில்லை. இங்கே மட்டும் நான் அவரோடு முரண்பட்டேன். இயந்திரத்தில் எரிந்து வந்த ஒயிலில் அமிலப் பொருள்கள் சேர்ந்திருக்கும். சொட்டுவது அப்படியே மண்ணுக்குள் போகும். மூட்டுகளில் இருக்கும் இறப்பர்ப் புஷ்களையும் அது ஊதவைக்கும். சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டைப் பார்த்த குடாநாட்டில், கிணற்றடியில் வாகனத்தை நிறுத்திக் கழிவு ஒயில் விசிற எனக்கு மனம் வரவில்லை. கனடாவில் நான் பாவிக்கும் மெல்லிய எண்ணெயும் அந்த வெயிலுக்கு நிற்காது. ஓடி வடிந்து தூசியைப் பிடிக்கும். அவுஸ்திரேலியாவில் கடற்கரை மணலில் ஓடுபவர்கள் ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் மெழுகைப் பாவிக்கிறார்கள். அதை விசிறிக் கலனில் கொண்டுவரலாம் என்றால் எரியக்கூடியதென்று விமானப் பொதியில் அனுமதியில்லை. கடைசியில் கொழும்பிலிருந்து உட்குழி மெழுகு (சட்டத்தின் உள்வெற்றிடத்தில் அடிப்பது) இரண்டு ரின் வருவித்து, நான் கையோடு கொண்டுபோயிருந்த, சுற்றிவரத் துளைகளுள்ள நீண்ட விசிறுகுழாயைக் கொம்பிறசரில் மாட்டி, வடிதுளைகளை மூடாமல் பார்த்துக்கொண்டு உள்ளே அடித்தோம். பிறேக் தட்டுகளையும் சைலென்சரையும் பழைய சாக்கினால் முன்கூட்டியே சுற்றிவிட்டோம்.

செலவைக் கேட்பவர்களுக்கு: ரிங்கர் ஐயா நான்கு நாள் வேலைக்கு வாங்கியது, முதல் நிலையம் ஒரு மணித்தியாலத்துக்கு வாங்கியதைவிடச் சிறிதளவே அதிகம். மெழுகுக்குத்தான் காசு கரைந்தது. நேரம் பற்றிய முறைப்பாடு ஒன்று உண்டு. “நாளைக்கு” என்று அவர் சொன்னால் மறுநாளைக்கு மறுநாள் என்று பொருள். இடையில் ஒரு கோயில் திருவிழாவும் வந்தது. திரும்பும் நாளைக் கணக்குப் பார்த்துப் போகிறவர்கள் விடுமுறையின் முதற் கிழமையிலேயே வாகனத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

புறப்படும் முன் பின்தட்டில் நீர் வடியும் மூலையில் துளையிட்டு, மீன்நீர் சாசியில் படாமல் பின் பம்பருக்கு அப்பால் விழும்படி ஒரு பிளாஸ்ரிக் குழாய் பொருத்தினோம். ரிங்கர் ஐயா கமராவைத் திருப்பித் தர மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார், நானும் கேட்கவில்லை. முன்சில்லுகளின் மேல் முதல் நிலையத்தார் அடித்த தார் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துக் கீழே என்ன இருக்கிறதென்று பார்க்க நாள் போதவில்லை. மாரி முடிந்து தை மாதத்தில் அந்த இடத்தைத் தட்டிப் பார்ப்பதாக ரிங்கர் ஐயா மருமகனிடம் சொல்லியிருக்கிறார்.