குளூட்டன் இல்லாத வீகன் சமையல்: வீட்டில் நீண்டநாள் கடைப்பிடித்த அனுபவம்

கோதுமையை விடுவது ஒரு வேலை. பால், முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் விடுவது இன்னொரு வேலை. தனித்தனியாக எடுத்துக்கொண்டால் இரண்டையும் சமாளித்துவிடலாம். சேர்த்துச் செய்யும்போதுதான் சிக்கல் தெரிகிறது. கோதுமையை விட்டவர்கள் பெரும்பாலும் முட்டையையும் பாலையும் நம்பிச் சமைக்கிறார்கள். முட்டையையும் பாலையும் விட்டவர்கள் கோதுமையை நம்பிச் சமைக்கிறார்கள். ஒரு பக்கத்துக்குக் கைகொடுப்பது மறுபக்கத்துக்கு ஆகாது. சில ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சமையல் இந்த இடுக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றாகவே ஓடுகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் விலங்குகளை முன்னிட்டு வீகனாக, அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர்களாக மாறியவர்கள். அந்த முடிவில் எங்களுக்கு இன்றைக்கும் உறுதி இருக்கிறது. பிறகுதான் அவளுக்குச் சீலியாக் நோய் இருப்பது தெரிந்தது. வீட்டில் பெரும்பாலும் சமைப்பது நான். ஆளுக்கொரு சமையல் என்று வைத்துக்கொள்ளாமல், கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதமே வீட்டுக்குள் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இந்த வழியை யோசிப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று. கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சீலியாக் என்பது ஒவ்வாமை இல்லை. குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. உலகில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, பலருக்கு இருப்பதே தெரியாது. டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை, குளூட்டன் சாப்பிடும்போது உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் அது மெல்லக் குறைந்துவிடும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். அப்புறம் உறுதி செய்ய வேண்டுமென்றால் வாரக்கணக்கில் மறுபடியும் கோதுமை சாப்பிட்டாக வேண்டும். பரிசோதனைகள் முடியும்வரை ரொட்டியை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை என் மனைவி வயிற்று வலியோடு கடைப்பிடித்தாள். அந்தப் பொறுமையால்தான் எங்களுக்குத் தெளிவான பதில் கிடைத்தது.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். முன்பிருந்தே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காத அந்தக் காலத்தில் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மறுபடி நோயுற்றார்கள். அதைப் படித்த பிறகு தட்டில் ஒரு துணுக்கு ரொட்டி என்பதைக்கூட நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, கடைக்கு வருவோம். அட்டையில் "குளூட்டன் இல்லாதது" என்று போட்டிருந்தால் பல நாடுகளில் அதற்குச் சட்டப்படி ஓர் அளவு உண்டு: ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அதே அட்டையைத் திருப்பிப் பார்த்தால் முட்டை வெண்கருவும் பால் பொடியும் இருக்கும். குளூட்டன் இல்லாத ரொட்டிகளில் வடிவம் நிற்க அவைதான் உதவுகின்றன. எதிர்த் திசையில் "வீகன்" என்று போட்ட இறைச்சி மாதிரிகளை எடுங்கள். அவற்றில் பலவற்றின் உயிர்நாடியே கோதுமைப் புரதம். சைத்தான் (seitan) என்ற இறைச்சி மாற்று முழுக்க முழுக்கக் குளூட்டன். ஆகவே நாங்கள் முகப்பை நம்புவதில்லை, பொருள் பட்டியலை இரண்டு முறை படிக்கிறோம். முதல் முறை கோதுமை, பார்லி, ரை என்ற தானியம், முளைகட்டிய பார்லியான மால்ட் இருக்கிறதா என்று. இரண்டாவது முறை பாலிலிருந்து வரும் வே (whey), கேசின், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வரும் ஜெலட்டின், தேன் இருக்கிறதா என்று. ஒரே பார்வையில் இரண்டையும் தேடினால் ஏதாவது ஒன்று தப்பிவிடும்.

எதிர்பாராத இடங்களும் உண்டு. வழக்கமான சோயா சாஸில் கோதுமை இருக்கும்; கோதுமை சேர்க்காமல் செய்யும் தமாரி நல்ல மாற்று. மால்ட் வினிகர் பார்லியிலிருந்து வருவது. ஓட்ஸில் இயல்பாகக் கோதுமைக் குளூட்டன் இல்லையென்றாலும் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. தனியாகப் பிரித்துப் பதப்படுத்திச் சான்று பெற்றதை மட்டும்தான் வாங்குகிறோம், அதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினோம். மாத்திரைகளையும் பார்க்காமல் விடாதீர்கள். கேப்சூலின் மேலுறை ஜெலட்டினாக இருக்கலாம். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. பாசிக்காளானிலிருந்து எடுத்த டி3 தனியாகக் கிடைக்கிறது.

சமையலறையில் மரப்பலகை, மாவுச் சல்லடை, டோஸ்டர், பழைய வடிதட்டு எல்லாவற்றையும் மாற்றினோம். சூடு பட்டால் குளூட்டன் அழிந்துவிடாது, கைகளுக்குப் போடும் கிருமிநாசினியாலும் போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். வீட்டில் ஒருவருக்காவது சீலியாக் இருந்தால் முழுச் சமையலறையையும் மாற்றிவிடுவது நிம்மதி. தினமும் எந்தக் கரண்டி எதைத் தொட்டது என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

இனி ரொட்டி. எனக்கு அதிக நாள் பிடித்ததும் அதிகச் சந்தோஷம் தந்ததும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோதுமை மாவில் தண்ணீர் சேர்ந்ததும் கிளியாடின், குளூட்டெனின் என்ற புரதங்கள் பிணைந்து ஒரு மீள்வலை உருவாகிறது. ஈஸ்ட் விடும் கரியமில வாயு பலூனுக்குள் காற்று நிற்பதுபோல அந்த வலைக்குள் நிற்கிறது. அரிசி மாவிலோ சோள மாவிலோ அந்த வலை இல்லை. குளூட்டன் இல்லாத ரொட்டி செய்பவர்கள் முட்டையால் அந்தக் குறையைச் சரிக்கட்டுவார்கள். எங்களுக்கு அதுவும் ஆகாது.

பதில் இசப்கோல் விதையின் உமியில் இருந்தது. அந்த உமி தண்ணீரைக் குடித்துக் கெட்டியான கூழாகிறது, அந்தக் கூழ்தான் வாயுவைப் பிடித்து வைக்கிறது. என் கணக்கு இது: 400 கிராம் மாவுக்கு 20 கிராம் இசப்கோல், மாவின் எடைக்கு ஏறக்குறைய சமமான தண்ணீர். மாவில் பாதியளவு பக்வீட், சோளம் போன்ற முழுத் தானியம், மீதி மரவள்ளி அல்லது உருளைக்கிழங்கு மாச்சத்து. பக்வீட் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்கும் கோதுமைக்கும் எந்த உறவும் இல்லை. எல்லாவற்றையும் தராசில்தான் நிறுக்க வேண்டும். ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு அடர்த்தி, கிண்ணத்தால் அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு ரொட்டி வரும். இசப்கோலை முதலில் தண்ணீரில் கலந்து கூழாக்கிவிட்டு மாவைச் சேர்க்கிறேன். நீண்ட நேரம் பிசைந்து மாவை இறுக்கத் தேவையில்லை, வளர்க்க வேண்டிய வலை இல்லையே. ஒருமுறை பொங்கினால் போதும், கோதுமை மாவுபோல இரண்டாம் முறை பொங்க வைத்தால் பெரும்பாலும் அமுங்கிவிடுகிறது. உள்வெப்பம் 96 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை சுட வேண்டும். அப்புறம் முழுவதும் ஆற விட வேண்டும். சூடாக வெட்டினால் உள்ளே பிசுபிசுப்பு நிச்சயம், மாச்சத்து இறுகவே அந்த நேரம் ஆகிறது. இந்த ரொட்டி மறுநாளே வறண்டுவிடும் என்பதால் ஆறியதும் துண்டுபோட்டு உறைநிலையில் வைத்து, வேண்டும்போது டோஸ்டரில் சுட்டுக்கொள்கிறோம். கோதுமை ரொட்டியின் இழுவை இதில் வராது. ஆனால் பக்வீட்டின் கொட்டை மணம் கோதுமையில் இல்லாதது. எனக்கு இப்போது இதுதான் பிடித்திருக்கிறது.

முட்டைக்கு ஒரே மாற்று என்று எதுவும் இல்லை. அது அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பிணைப்பதற்கு அரைத்த ஆளிவிதை ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி, கால் மணி நேரம் ஊற வேண்டும். ஆம்லெட் மாதிரி இறுகுவதற்குக் கடலை மாவு. அந்தக் கரைசலைப் பச்சையாக ருசி பார்க்காதீர்கள், கசக்கும், வெந்ததும் போய்விடும். நுரைக்கு, கொண்டைக்கடலை வெந்த தண்ணீர். பிரான்சைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் 2014இல் இந்தத் தண்ணீர் முட்டை வெண்கருபோல நுரைப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு அமெரிக்கரான கூஸ் வோல்ட் அதை வைத்து மெரிங் என்ற நுரை இனிப்பைச் செய்து, அந்தத் தண்ணீருக்கு அக்வாஃபாபா என்று பெயரும் வைத்தார். கொட்டிவிடும் தண்ணீரிலிருந்து வெண்ணுரை எழும்புவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

சத்து விஷயத்தில்தான் இரண்டு கட்டுப்பாடும் சேர்ந்து அழுத்துகின்றன. பல நாடுகளில் கோதுமை மாவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். குளூட்டன் இல்லாத மாவுகளில் பெரும்பாலும் அந்தச் சேர்க்கை இல்லை. தாவர உணவில் கிடைக்காத வைட்டமின் பி12ஐ வீகன்களுக்குத் தருவதாகச் சொல்லும் காலை தானியங்கள் பலவற்றில் கோதுமையோ மால்ட்டோ இருக்கிறது. போதாததற்குச் சீலியாக் தெரியவரும் நேரத்தில் பலருக்கு ஏற்கெனவே இரும்பும் ஃபோலேட்டும் குறைந்திருக்கும், எலும்பின் அடர்த்தியும் குறைந்திருக்கும். என் மனைவிக்கும் இரும்பு மிகவும் குறைவாக இருந்தது.

பி12 பற்றி விவாதமே வேண்டாம், மாத்திரை எடுங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியவே ஆண்டுகள் ஆகலாம். கைகால் மரத்துப்போன பிறகு விழித்துக்கொண்டால் நரம்புகள் முழுவதும் தேறும் என்று உறுதி கிடையாது. இரும்புக்குப் பருப்பு வகைகளோடு எலுமிச்சை, குடைமிளகாய் என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது சேர்க்கிறோம். தேநீரும் காபியும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் சாப்பாட்டை ஒட்டிக் குடிப்பதில்லை. கால்சியத்துக்கு, சோயா பாலைக் கால்சியம் உப்பால் திரட்டிச் செய்த டோஃபு. பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அந்தக் கீரையிலுள்ள ஆக்சலேட் அதை உடலில் சேர விடாது. பாலை நிறுத்தினால் அயோடினும் குறையக்கூடும், அதனால் அயோடின் சேர்த்த உப்பை மாற்றவே இல்லை.

புரதத்தில் எங்கே ஓட்டை விழுகிறது என்று பலர் கவனிப்பதில்லை. 100 கிராம் கோதுமை மாவில் 10 முதல் 13 கிராம் புரதம் உண்டு, அரிசியில் சுமார் 7, மரவள்ளி மாச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ரொட்டிக்கு ரொட்டி என்று மாற்றினால் சத்தம் போடாமல் புரதம் குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வேளையும் பருப்போ பயறோ டோஃபுவோ கட்டாயம் உண்டு. தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலமும் அவற்றிலிருந்துதான் வருகிறது. எல்லாவற்றுக்கும் அரிசியையே பிடித்துக்கொள்வதும் நல்லதில்லை. நெல் மண்ணிலிருந்து ஆர்சனிக்கை மற்றத் தானியங்களைவிட அதிகம் எடுத்துக்கொள்ளும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அதில் ஒரு பகுதி போய்விடும். சோளம், சிறுதானியம், கினோவா என்று மாற்றி மாற்றிச் சமைத்தால் சலிப்பும் குறைகிறது.

வயிறு பழக நாள் பிடித்தது. பயறுகளைத் திடீரென்று அதிகமாக்கினால் வாயுத் தொல்லை நிச்சயம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் குறைகிறது. இங்கே இன்னொன்றும் உண்டு. கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்று சொல்லும் எல்லோருக்கும் காரணம் குளூட்டன் என்று நினைக்க வேண்டாம். சீலியாக் இல்லாத, ஆனால் குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னவர்களை வைத்து நார்வேயில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட் வகைதான் குளூட்டனைவிட அதிகத் தொல்லை தந்தது. அதே ஃப்ரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. இது தெரியாமல் கோதுமையை மட்டும் விட்டுவிட்டு, தொல்லை தீரவில்லையே என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

பலன் என்ன? என் மனைவியின் எதிர்ப்பொருள் அளவு மெல்ல இறங்கி இயல்புக்கு வந்தது, இரும்பும் ஏறியது, எப்போதும் இருந்த அந்த அசதி விலகியது. அவளுக்கு இது மருந்து. எனக்குக் குளூட்டனை விட்டதால் உடலில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆகவே மருத்துவக் காரணம் இல்லாதவர்கள் உடல்நலத்துக்காக மட்டும் குளூட்டனை விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதிலும் கடையில் விற்கும் குளூட்டன் இல்லாத பிஸ்கட், கேக் வகைகளில் பெரும்பாலும் நார்ச்சத்து குறைவு, மாச்சத்தும் சர்க்கரையும் தாராளம். வீகன் உணவுக்கு நான் தயங்காமல் ஆதரவு, பி12ஐ விடாமல் எடுத்துக்கொண்டால்.

வெளியே சாப்பிடுவது மட்டும் இன்றுவரை கடினம். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்கிறோம், ஒரே எண்ணெயில் எல்லாவற்றையும் பொரிக்கிறார்களா என்பதையும் சேர்த்து. சந்தேகம் வந்தால் கையில் கொண்டுபோனதைச் சாப்பிடுகிறோம்.

தொடங்குபவர்கள் முதல் சில வாரங்களுக்கு மாற்றுப் பொருள்களின் பக்கமே போகாமல், இயல்பிலேயே இரண்டும் இல்லாதவற்றைச் சமையுங்கள்: சாதம், பயறு, காய், கிழங்கு, பழம், கொட்டைகள். ரொட்டி அதற்கப்புறம் வரட்டும். குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ இந்த உணவு என்றால் உணவியல் நிபுணரின் மேற்பார்வை இல்லாமல் தொடங்க வேண்டாம். நாங்கள் ஆண்டுதோறும் இருவருக்கும் பி12, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி பார்க்கிறோம். அவளுக்கு டிடிஜியும் சேர்த்து.