ஃப்ராய்டின் வெள்ளையை வாங்கிப் பார்த்தேன்

க்ரெம்னிட்ஸ் ஒயிட் என்று ஒரு எண்ணெய் வண்ணம். சதையை வரைவதில் பேர்போன பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட்மேல் பைத்தியம் பிடித்தவர்கள் என்றைக்காவது ஒருநாள் இதில் வந்து விழுவார்கள், நானும் விழுந்தேன். லண்டனில் ஒரு கடையில் டப்பாவில் தந்தார்கள். இதில் இருப்பது ஈயம், விஷம் என்பதால் படிவத்தில் கையெழுத்து வேறு. விலை, நான் வழக்கமாக வாங்கும் டைட்டானியம் வெள்ளையைவிட மூன்று மடங்கு.

வாங்கியதுமே கை ஒரு இறக்கம் இறங்கியது. டப்பா சின்னதுதான், கனம் தராசுப் படிக்கல். மூடியைத் திறந்தால் ஆறிய பாலில் கட்டுவதுபோல மேலே ஆடை. பழைய சரக்கு. (மாற்றிக் கேட்டேன், இது இப்படித்தான் இருக்கும் என்றார்கள். அந்தக் கடைக்கு இனி போவதாக இல்லை.) ஆடையை எடுத்துப் போட்டால் அடியில் இருப்பது தங்கம்தான். கத்தியில் அள்ளினால் ஜவ்வு மாதிரி இழுபடும், பன்றிமுடி பிரஷ்ஷால் இழுத்தால் ஒவ்வொரு முடியின் தடமும் கேன்வாஸில் அப்படியே நிற்கும். டைட்டானியம் எதோடு சேர்ந்தாலும் சுண்ணாம்பு அடித்த சுவர் ஆக்கிவிடும். இதில் காவியோ பச்சையோ கலந்தால் அந்த நிறம் செத்துப்போவதில்லை. கன்னம், முழங்கை, கண்ணுக்குக் கீழே தொங்கும் தோல், இதற்கெல்லாம் வேறு வெள்ளை இனி எனக்கு வேண்டாம்.

ஃப்ராய்டுக்கே இது பாதி வாழ்க்கைக்கு அப்புறம்தான் வந்தது. 1922ல் பெர்லினில் பிறந்து, 1933ல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தவர், மனோதத்துவ ஃப்ராய்டின் பேரன். ஆரம்பத்தில் மெல்லிய சேபிள் பிரஷ் (மிருதுவான முடி), உட்கார்ந்த இடத்தில் வேலை. லண்டனின் டேட் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கும் 1950-51 படத்தைப் பாருங்கள், முதல் மனைவி கிட்டி மடியில் வெள்ளை நாயோடு; எல்லாம் வழவழவென்று, பிரஷ் போன வழியே தெரியாது. 50களில் பன்றிமுடிக்கு மாறி எழுந்து நின்றவர், அதற்கப்புறம் நின்றபடிதான் வரைந்தார். 70களின் நடுவில் இந்த வெள்ளை வந்தது, அதையும் சதைக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

ஆனால் அவர் வேலையில் நிஜமான செலவு பெயின்ட் இல்லை. எதிரில் ஆள் இருக்க வேண்டும். பகலுக்கு ஒரு படம், ராத்திரிக்கு ஒரு படம் என்று ஆட்களை மாற்றி மாற்றி வரவழைத்து மாதக்கணக்கில் வரைவார். 2002ல் சக ஓவியர் டேவிட் ஹாக்னியை மட்டும் நூறு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார், பதிலுக்கு ஹாக்னிக்கு இவர் கொடுத்தது சில மணி நேரம்!

நான் உட்கார வைத்தது மதுரையிலிருந்து வந்திருந்த பெரியப்பாவை. நாற்பதாவது நிமிடத்தில் கால் மரத்துப்போகும், டீ வேண்டும், அப்புறம் "ஏன்டா, ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கக் கூடாதா?" அவர் நேற்று உட்கார்ந்த மாதிரி இன்று உட்கார மாட்டார், கழுத்து ஒரு விரல்கடை திரும்பியிருக்கும், நான் மூக்கைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் போடுவேன். அப்படிச் சுரண்டிச் சுரண்டிப் போட்ட மூக்குதான் படத்தில் உருப்படியாக வந்த ஒரே இடம். இந்த வெள்ளை சீக்கிரம் காய்வது அங்கே பெரிய உதவி, இரண்டு நாளில் மேலே அடுத்த பூச்சு போடலாம். பதினோரு தடவை உட்கார்ந்தார், மொத்தம் ஒன்பது மணி நேரம் தேறாது, விசா முடிந்து கிளம்பிவிட்டார். இடது காது இன்னும் இல்லை. போன் பண்ணும்போதெல்லாம் "காது வந்துருச்சாடா?" என்கிறார்.

பெயின்டுக்கு ஐந்துக்கு நாலரை, கடைக்கு ஒன்று. குழந்தை இருக்கும் வீட்டில் வாங்காதீர்கள். கையுறை போடுங்கள், காய்ந்ததைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், பிரஷ்ஷை சமையலறைத் தொட்டியில் கழுவவே கழுவாதீர்கள். மிச்சத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி அழுத்தி மூடினால் ஆடை கட்டாது. எதிரில் உட்கார ஆள் கிடைக்காதவர்களுக்குச் சின்ன டப்பாவே தாராளம். என்னிடம் முக்கால் டப்பா அப்படியே இருக்கிறது.