எல்பிரஸ் மலைக்குப் புறக்கோட்டையில் உடுப்பு வாங்கலாமா?

ரஷ்யாவின் காகசஸ் மலைத்தொடரில் நிற்கும் எல்பிரஸ், 5,642 மீற்றர் உயர எரிமலை. ஆனால் மேலே முழுக்கப் பனியாறுதான். கோடை விடியலிலும் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக்கு இறங்கும். அதற்கான உடுப்பை வியர்க்க வியர்க்கக் கொழும்புப் புறக்கோட்டையில் தேடுவது வேடிக்கைதான். இருந்தாலும் குறுக்குத்தெருப் பக்கத்து ஏற்றுமதி மிச்சக் கடைகளில் பாதிச் சாமான் தேறும்.

பிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கைத் துணி ஜக்கெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இறகு ஜக்கெட் அப்படியில்லை. லேபிளை வெட்டியிருப்பார்கள், கைதான் அளவுகோல். ஒரு கட்டத்தைப் பத்து விநாடி நசுக்கிவிட்டுப் பாருங்கள். சட்டென உப்பினால் எடுக்கலாம். கட்டிகட்டியாகக் கிடந்தாலோ புழுங்கல் மணம் வந்தாலோ இறகு ஈரம் குடித்துவிட்டது, சூடு தராது. ஏறி நடந்துகொண்டிருக்கும்போது மெல்லிய ஜக்கெட் போதும். பஸ்துகோவ் பாறைகள் வரை, அதாவது 4,700 மீற்றர் வரை, பனி வண்டியின் திறந்த முதுகில் அசையாமல் குந்தியிருந்து போகிறவருக்குத்தான் குளிர் எலும்பில் ஏறும். அவர் தடித்ததையே தேடவேண்டும்.

காற்று மழைக்கான மேல் ஜக்கெட்டை உட்புறம் புரட்டி, தையல்மேல் ஒட்டிய நாடாவை நகத்தால் சுரண்டுங்கள். கொழும்பு ஈரப்பதத்தில் வருடக்கணக்கில் கிடந்த பொலியூரித்தேன் (நீர் புகாமல் தடுக்கும் பிளாஸ்டிக்) பூச்சு பிசுபிசுத்துச் செதிலாக உரியும்.

சப்பாத்து மட்டும் இங்கே வேண்டாம். பாவித்த மலைச் சப்பாத்தின் தோல் பளபளக்கும். ஆனால் அடித்தட்டுக்கு மேலுள்ள பொலியூரித்தேன் படை இதே ஈரத்தில் உள்ளுக்குள் உளுத்திருக்கும். குதிகால் பக்கம் பெருவிரலால் அழுத்தினால் மயிரிழை வெடிப்புத் தெரியும். சிவனொளிபாதமலைப் படியில் அடி கழன்றால் செருப்போடு இறங்கிவிடலாம். பனியாற்றில், வழுக்காமலிருக்கச் சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முள்தட்டான கிராம்பனோடு சேர்ந்தல்லவா கழன்று போகும்! இரட்டைச் சப்பாத்து (உள்ளே ஒன்று, வெளியே ஒன்று), கிராம்பன், பனிக்கோடரி எல்லாம் அடிவாரத்து அசாவில் வாடகைக்குக் கிடைக்கும். தடித்த கம்பளி மேஸோடு போட்டு, முனையால் சுவரை உதைத்துப் பாருங்கள். விரல் முட்டினால் ஒரு அளவு பெரிதாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் கறுத்துவிடும்.

கடையில் போட்டுப் பார்க்க அறையில்லை, கண்ணாடி ஒன்றே ஒன்று. மிச்சச் சாமான் பல கழிக்கப்பட்டதே சிப் கோளாறால்தான். கையுறையைப் போட்டுக்கொண்டு சிப்பைப் பத்துத் தரம் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். விற்ற சாமான் மாற்றப்படமாட்டாது என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது.