மார்கழி சபா கேன்டீனில் ஒரு மாலை

கடந்த மார்கழியில் கர்நாடக இசைக் கச்சேரி நடக்கும் மயிலாப்பூர் சபா ஒன்றின் கேன்டீனுக்குப் போயிருந்தேன். வாழையிலையில் பரிமாறிய அடையும் அவியலும் அருமை. அடையின் ஓரம் மொறுமொறுப்பாகவும் காரம் சற்றுத் தூக்கலாகவும் இருந்தது. காப்பிதான் ஏமாற்றம்: டிகாஷன் நீர்த்திருந்தது, டபராவில் ஆற்ற வேண்டிய சூடும் இல்லை.

ஆனால் நான் வியந்தது வேறொன்றை. மற்ற நாள்களில் சாம்பார் வர ஐந்து நிமிடம் தாமதமானாலே பரிமாறுபவரைக் கடிந்துகொள்ளும் நம்மவர்கள், இங்கே டோக்கனைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம், சற்றுமுன் கேட்ட தோடி ராக ஆலாபனையைப் பற்றி முன்பின் அறியாதவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை மாநாட்டிலிருந்து வளர்ந்துவந்த டிசம்பர் இசை விழாவின் பழக்கமும், வெயில் தணிந்த பருவமும் சேர்ந்தே அந்தப் பொறுமையைத் தருகின்றன என்று நினைக்கிறேன்.

அதற்கும் எல்லை உண்டு. உள்ளே பாட்டை நிறுத்தித் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் (மிருதங்கக் கலைஞர்கள் மன்னிக்க) பெருங்கூட்டம் வெளியே வந்தது. இருந்த ஒரே கல்லாவில் சில்லறைக்காகத் தகராறு மூண்டது. அடுத்த பத்து நிமிடங்களுக்குச் சிரித்த முகம் ஒன்றையும் காணவில்லை. நிர்வாகம் இன்னொரு கல்லா வைத்திருக்கலாம். அடைக்காக மறுபடியும் போவேன். காப்பியை வேறெங்காவது குடித்துக்கொள்வேன்.