கோட்டையூருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்: கிட், மெர்க்குரியல், சப்வெர்ஷன்

செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுத்துத் தொகுப்பவர்கள் கோப்புறைகளை வீட்டின் வரிசையிலேயே அடுக்குவது இயல்பு. முதலில் ஊர், அடுத்துக் குடும்பத்தின் விலாசம் (பெயருக்கு முன் வரும் முதலெழுத்துகள்), அதற்குள் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் அந்தத் தடம் கணினியின் பெயர் வரம்புகளோடு விரைவிலேயே மோதும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறை ஒரு பெயருக்கு 255 பைட் தருகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் (எழுத்தானாலும் அதோடு சேரும் குறியானாலும்) 3 பைட் ஆகையால் 85 குறியீடுகளே அடங்கும். 'காரைக்குடி' என்ற சொல்லுக்கே 30 பைட் போய்விடுகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை ஒரு பெயரில் 255 குறியீடுகளை ஏற்றாலும், முழுத் தடத்துக்கு விண்டோஸ் வழக்கமாக 260 என்று எல்லை கட்டுகிறது.

கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் களஞ்சியமாகச் சேமிக்கும் கிட், மெர்க்குரியல், சப்வெர்ஷன் ஆகிய மூன்று நிரல்களும் இந்த மோதலை வெவ்வேறு விதமாகச் சமாளிக்கின்றன. களஞ்சியத்துக்குள் பெயரின் நீளம் கிட்டைத் தொடுவதில்லை. அது உள்ளடக்கத்தை ஹாஷ் மதிப்பின்படி (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) சேமித்துப் பெயரைத் தனிப் பட்டியலில் வைப்பதால், சிக்கல் கோப்புகளை வட்டில் எடுத்து வைக்கும்போதுதான் எழுகிறது. அதற்கும் விண்டோஸில் நீள்தட அமைப்பு உண்டு. மெர்க்குரியலோ கோப்பின் பெயரையே களஞ்சியத்திலும் பயன்படுத்துகிறது. தமிழின் ஒவ்வொரு பைட்டும் அங்கே 3 எழுத்தாக விரிவதால் 'காரைக்குடி' 90 எழுத்தாகிறது. 120ஐத் தாண்டினால் பெயரைச் சுருக்கி ஹாஷாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால்தான் அது தப்பிக்கிறது.

நீளத்தைவிடத் தொல்லை தருவது புள்ளி. 'அ.மு.' என்பதுபோல் விலாசம் பெரும்பாலும் புள்ளியில் முடியும். லினக்ஸில் அந்தப் பெயரோடு கோப்புறை உருவாக்கலாம், விண்டோஸில் கூடாது. மெர்க்குரியல் இங்கே மற்ற இரண்டையும் மிஞ்சுகிறது: லினக்ஸில் கோப்பைச் சேர்க்கும் கணத்திலேயே 'இப்பெயர் விண்டோஸில் செல்லாது' என்று எச்சரிக்கிறது, விரும்பினால் தடுக்கவும் செய்கிறது. கிட் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அதே களஞ்சியத்தை இன்னொருவர் விண்டோஸில் இறக்கும்போதுதான் தவறான தடம் என்று நிற்கும். சேர்த்தவர் ஓரிடம், தவிப்பவர் வேறிடம்.

'கோட்டையூர்', 'கோனாபட்டு', 'கொத்தமங்கலம்' ஆகிய ஊர்ப்பெயர்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம் (ஒகரத்துக்கு எகரக் குறியும் காலும்); திரையில் வேறுபாடு தெரியாது, பைட்டுகள் வேறு. மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயரைப் பிரித்தே வைக்கும் என்பதால், சப்வெர்ஷனில் கோட்டையூர் கோப்புறை காணாமல் போனதாகவும் புதிதாக ஒன்று முளைத்ததாகவும் ஒரே நேரத்தில் தோன்றும். கிட் 2012இல் மீண்டும் கூட்டி எழுதும் அமைப்பைக் கொண்டுவந்தது.

சப்வெர்ஷனை அதற்காகத் தள்ளிவிட முடியாது. 'கோனாபட்டு' கோப்புறையை மட்டும் தனியே இறக்கி வட்டின் வேரிலேயே வைத்தால், மேலுள்ள அடுக்குகள் தடத்திலிருந்து நீங்கி 260க்குள் இடம் கிடைக்கும். கிட்டில் பகுதியை மட்டும் எடுத்தாலும் முழுத் தடம் கூடவே வரும். கிட்டின் இன்னொரு குறை, இயல்பான அமைப்பில் தமிழ்ப் பெயர்களை '\340\256\225' என்று எண்களாகக் காட்டுவது. ஓர் அமைப்பை மாற்றினால் அது நீங்கும். மெர்க்குரியலின் குறையை அப்படி எளிதில் மாற்ற முடியாது: விண்டோஸில் அது நெடுங்காலம் பழைய குறியீட்டுப் பக்கங்களையே (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணைகள்) நம்பியிருந்தது, தமிழுக்கு அப்படியொரு பக்கமே இல்லை.

ஆகவே விண்டோஸும் லினக்ஸும் கலந்து புழங்கும் தொகுப்புக்கு நான் கிட்டையே தேர்வேன். விலாசத்தின் கடைசிப் புள்ளியை நீக்கி, ஒகர ஓகாரக் குறிகளை ஒரே குறியீடாக்கி, பெயர் 80 குறியீடுகளைத் தாண்டினால் சேர்ப்பதை நிறுத்தும் சிறு சோதனை நிரலையும் அதில் பொருத்திக்கொள்வேன்.