முழுமைத் திட்டக் கருத்துக்கேட்புக் கூட்டம்: என் மதிப்பெண் 5க்கு 2

அந்த 2 மதிப்பெண்ணும் மண்டபத்தின் மூலையில் போட்டிருந்த ஒரு மேஜைக்காக. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். ஊர் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொன்னாலே போதும்.

முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், என்றால் என்ன என்று கூட்டத்துக்கு வந்தவர்களிலேயே பலருக்குத் தெரியவில்லை, அது அவர்கள் குற்றமும் இல்லை. ஊரின் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு நிறம் கொடுப்பார்கள். மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழிற்சாலை, பச்சை விவசாயம். நம் மனை எந்த நிறத்தில் விழுகிறதோ அதை வைத்துத்தான் நாளைக்கு வீடு கட்ட அனுமதி கிடைக்குமா, பக்கத்தில் குடோன் வருமா, குறுக்கே திட்டச்சாலை (திட்டத்தில் புதிதாகக் குறித்த சாலை) போகுமா என்பதெல்லாம் முடிவாகும். 20 வருட விஷயம் இது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 26, வரைவை அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவித்து, ஆட்சேபனையும் யோசனையும் சொல்ல மக்களுக்குக் குறைந்தது 2 மாதம் தர வேண்டும் என்கிறது. நேரில் சொல்ல விரும்புகிறேன் என்று கேட்பவருக்கு அந்த வாய்ப்பையும் தர வேண்டும். நல்ல சட்டம்தான்.

கூட்டம் ஒரு புதன்கிழமை காலை 11 மணிக்கு. வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வர முடியாத நேரம், வந்ததில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதி ரியல் எஸ்டேட்காரர்கள், எங்களைப் போல் லீவு போட்டு வந்த பத்துப் பதினைந்து பேர், பெண்கள் மிகக் குறைவு. மேடையில் முக்கால் மணி நேரம் திரையில் ஆங்கிலத்தில் ஓட்டினார்கள். மக்கள்தொகைக் கணிப்பு, போக்குவரத்து, நீர்வளம் என்று தேவையான விஷயங்கள்தான், உழைத்துத் தயாரித்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. அறிக்கை 200 பக்கத்துக்கு மேல், முழுக்க ஆங்கிலம். தமிழில் நாலு பக்கச் சுருக்கம் கொடுத்தார்கள், அதில் ஊரின் வரலாறே ஒரு பக்கம்.

சுவரில் வரைபடத்தை ஃபிளெக்ஸில் மாட்டியிருந்தார்கள். நல்ல பெரிய சைஸ்தான், ஆனால் மொத்த ஊரும் சுற்றியுள்ள கிராமங்களும் அதற்குள் அடங்க வேண்டுமே, எங்கள் தெரு நூலிழை மாதிரி இருந்தது. சர்வே எண் ஒன்றுகூட இல்லை. என் பக்கத்தில் நின்ற பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, நம்ம மதகு இதுல எங்கப்பா இருக்கு?" என்றார். இரண்டு பேரும் தேடினோம். கோயில் குளம் ஒன்றுதான் அடையாளம் தெரிந்தது. அதில் விரலை வைத்துக் கிழக்கே நகர்த்தி, ரயில்வே லைனைத் தாண்டி, ஏரிக்கரை வரைக்கும் போனோம். ஏரியிலிருந்து வாய்க்கால் பிரிந்து வர வேண்டிய இடத்தில் தண்ணீரைக் காட்டும் நீலக்கோடு எதுவும் இல்லை, ஒரே ஊதா. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு அவர், "இங்கதானே தண்ணி போகுது, இதுல எப்படிப்பா ஃபேக்டரி கட்டுவாங்க?" என்று கேட்டார். கேட்டது என்னிடம், மேடையில் இருந்த யார் காதிலும் அது விழவில்லை.

அந்த மேஜை இங்கேதான் வருகிறது. ஒரு இளம் பெண், திட்ட அலுவலராகத்தான் இருக்க வேண்டும், லேப்டாப்பில் கிராம வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் திட்ட வரைபடத்தின் மேல் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தார். சர்வே எண்ணைச் சொன்னால் போதும், உங்கள் நிலம், உங்கள் கிணறு, அதன் மேல் விழுந்த நிறம், எல்லாம் திரையில் வந்துவிடும். பெரியவருக்கு எண் தெரியாது. அந்தப் பெண், "பரவாயில்லைங்க ஐயா, பக்கத்துல என்ன இருக்கு சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டே வாய்க்காலைப் பிடித்துவிட்டார். கிராம வரைபடத்தில் அது தெளிவாக ஓடியது, திட்டத்தில் விட்டுப்போயிருந்தது. அங்கேயே தமிழில் ஆட்சேபனை எழுதவும் உதவினார். மேடையில் முக்கால் மணி நேரத்தில் நடக்காதது அந்த மேஜையில் பத்து நிமிடத்தில் நடந்தது. ஆனால் மேஜை ஒன்று, வரிசையில் நாற்பது பேர், ஒரு மணிக்குக் கூட்டம் முடிந்தது என்று அறிவித்து லேப்டாப்பை எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு மேஜையை அந்த 2 மாதமும் வார்டு வார்டாக, மாலை நேரத்தில், ரேஷன் கடை பக்கத்திலோ பள்ளிக்கூடத்திலோ போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நகர்ப்புறங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க 2022லேயே விதிகள் வந்துவிட்டன, இடமும் ஆளும் அங்கேயே இருக்கிறார்கள்.

இன்னொருவரின் வீட்டு மேல் திட்டச்சாலைக் கோடு போயிருந்தது. மனுஷன் நடுங்கிப்போயிருந்தார். மேடையில் "பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். அறிவிப்பு வந்த 3 ஆண்டுக்குள் நிலத்தை எடுக்க அறிவிக்கையும் வராமல், பேசி வாங்கவும் இல்லை என்றால் அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருதப்படும் என்று அதே சட்டத்தின் பிரிவு 38 சொல்கிறது. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்கியிருப்பார்.

மனு கொடுத்தோம், முத்திரை போட்டு ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். அதோடு சரி. மாதங்கள் போயின, என் மனு என்ன ஆயிற்று, பெரியவர் மனு என்ன ஆயிற்று, ஒரு தகவலும் இல்லை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரியில் பதில்.

நான் மீதி 3 மதிப்பெண்ணைக் குறைத்தது முக்கியமாக இதற்காகத்தான். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி ஒரு தொழிற்சாலைக்கு மக்கள் கருத்துக்கேட்பு நடத்தினால் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், கூட்ட நடவடிக்கையை உள்ளூர் மொழியில் கூட்டத்திலேயே படித்துக் காட்ட வேண்டும், மக்கள் எழுப்பிய கேள்விகளையும் நிறுவனத்தின் பதில்களையும் சேர்த்து எழுதி இணைக்க வேண்டும். அந்தக் கூட்டங்களும் பல இடத்தில் ஒழுங்காக நடப்பதில்லை, அது வேறு கதை. ஆனால் ஒரு ஆலைக்கு இருக்கிற ஏற்பாடு ஒரு முழு ஊருக்கு வேண்டாமா? வந்த மனுக்கள் எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு, ஏற்றோம், ஏற்கவில்லை, காரணம் இது என்று தமிழில் பட்டியல் ஒட்டட்டும். ஏற்காவிட்டாலும் பரவாயில்லை, காரணம் தெரிந்தால் மனசு ஆறும். மொழி விஷயமும் அப்படித்தான். 2020ல் சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கையை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் எல்லாம் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டுக்குள் ஒரு ஊருக்குப் போடும் திட்டத்தைத் தமிழில் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

சென்னைக்காரர்களுக்கு: உங்கள் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008ல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்தது 2027 முதல் 2046 வரை. கூட்டத்துக்குப் போகும்போது பட்டாவையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவைப் படம்) அரசு இணையதளத்திலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள், சர்வே எண்ணும் உட்பிரிவும் இல்லாமல் பேசினால் குறித்துக்கொள்ளக்கூட மாட்டார்கள். மனுவின் கடைசியில் "என்னை நேரில் விசாரிக்கக் கோருகிறேன்" என்று மறக்காமல் எழுதுங்கள். நான் எழுதவில்லை, அப்போது தெரியாது. பெரியவர் பெயரில் இப்போது இன்னொரு மனு தயார் செய்திருக்கிறோம், கிராம வரைபடத்தின் நகலில் வாய்க்காலை சிவப்பு மையில் வரைந்து, அந்த வரியையும் சேர்த்து.