மகள் கையில் சென்சார், எங்கள் கையில் கைபேசி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எங்கள் ஒன்பது வயது மகளுக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. கணையத்தில் இன்சுலின் சுரப்பு அற்றுப்போகும் இந்நோய்க்கு வெளியிலிருந்து இன்சுலின் செலுத்துவது ஒன்றே வழி. நாளைக்கு நான்கு ஊசி, ஆறேழு முறை விரல்நுனிக் குத்தல் என்றிருந்த வீட்டில், எட்டு மாதங்களாகக் கைபேசியுடன் இணையும் சர்க்கரை சென்சாரைப் பயன்படுத்துகிறோம். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் இதை வாங்கலாமா என்று பல பெற்றோர் என்னிடம் கேட்டதால் எழுதுகிறேன்.

பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை இது. மேற்கையின் பின்புறம் ஒட்டினால் 14 நாள்கள் இருக்கும். அதன் மெல்லிய இழை இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசுநீரில் இருக்கும் சர்க்கரையை அளக்கிறது. ஆகவே கைபேசியில் தெரியும் எண் உண்மை நிலைக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். எண்ணைவிட அதன் அருகிலுள்ள அம்புக்குறியைக் கவனிக்க நாங்கள் பழகிக்கொண்டோம். 110 என்று காட்டி அம்பு நேர்கீழாக இருந்தால், சர்க்கரை வேகமாக இறங்குகிறது என்று பொருள்; அது நிம்மதியாக இருக்க வேண்டிய 110 அன்று.

இக்கருவியால் எங்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை, எங்கள் சமையலைப் பற்றிய அறிவு. செயலியின் உணவுப் பட்டியலில் ஓட்ஸும் பீட்சாவும் உண்டு. இடியாப்பம் போன்ற எங்கள் சந்தகை இல்லை, அரிசியும் பருப்புஞ்சாதம் இல்லை. வரைகோட்டைப் பார்த்து நாங்களே கற்றுக்கொண்டோம். தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்த சந்தகை ஒரு மணி நேரத்திற்குள் கோட்டை 250க்கு மேல் ஏற்றியது. நெய் விட்ட அரிசியும் பருப்புஞ்சாதம் மெதுவாக ஏறி, நெடுநேரம் இறங்காமல் நின்றது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே சரக்குப் போகும் கவுந்தப்பாடி எங்களுக்குப் பக்கம் என்பதால், நாட்டுச்சர்க்கரை பிள்ளையை ஒன்றும் செய்யாது என்பது மகளின் அமுச்சிக்கு (அம்மாவழிப் பாட்டிக்கு) அசையாத நம்பிக்கையாக இருந்தது. மருத்துவர் சொல்லியும் மாறாத அவர், அந்தக் கோடு ஏறுவதைத் தம் கண்ணால் கண்ட பிறகுதான் நாட்டுச்சர்க்கரை கலந்து பிள்ளைக்கு நீட்டிய டம்ளரைக் கீழே வைத்தார்.

இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை 70க்குக் கீழே, அதாவது ஆபத்தான தாழ்நிலைக்கு, இறங்கினால் கைபேசி ஒலிக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு வேலை பார்க்கும் என் கணவரின் கைபேசியிலும் அதே அளவு தெரிவதால், நான் அயர்ந்துவிட்டால் அவர் அழைத்து எழுப்புகிறார். ஒரு நாள் பின்னிரவு இரண்டரை மணிக்கு 58. எழுப்பி, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து விரலில் பார்த்தபோது 84. அந்த ஓர் இரவுக்காகவே இந்தக் கருவிக்கு நன்றி சொல்வேன்.

குறைகளும் உண்டு. மின்கலச் சேமிப்பு அமைப்பு செயலியை முடக்கிவிட்டதால் எங்களுக்கு இரண்டு முறை எச்சரிக்கையே வரவில்லை. முதல் நாளே கைபேசியில் அந்த அமைப்பை மாற்றிவிடுங்கள். பிள்ளை சென்சார் உள்ள கைமேல் படுத்துத் தூங்கினால் அவ்விடம் அழுந்தி, இல்லாத தாழ்நிலையைக் காட்டும். எண்ணுக்கும் பிள்ளையின் முகத்துக்கும் பொருத்தமில்லை என்றால் விரலில் குத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சித்திரை வெயிலில் வியர்த்தும், தடப்பள்ளி வாய்க்காலில் குளித்தும் ஒரு சென்சார் ஒன்பதாம் நாளே கழன்றது. அதன்பின் மேலே ஒரு பட்டை ஒட்டுகிறோம். நாங்கள் வாங்கியதன் செயலியில் தமிழ் இல்லாததால், பெரியவர்களுக்கு நிறத்தையும் அம்பையும் வைத்தே கற்றுக்கொடுத்தோம்.

பள்ளியில் கைபேசிக்கு முதலில் அனுமதி மறுத்தார்கள். மருத்துவரின் கடிதத்துடன் சென்று, இது விளையாட்டுப் பொருளன்று என்று விளக்கிய பிறகு, வகுப்பாசிரியை தம் மேசையில் வைத்துக்கொள்ள இசைந்தார். குளுக்கோஸ் பொட்டலமும் அங்கேயே இருக்கிறது. சர்க்கரை இறங்கும்போது சாக்லேட் கொடுக்க வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதையும் அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

விலைதான் உறுத்துகிறது. ஒரு சென்சார் 4,000 ரூபாய்க்கு மேல். மாதத்துக்கு இரண்டு வேண்டும். எங்களால் எல்லா மாதமும் முடிவதில்லை. முடியாத மாதங்களில், மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய 14 நாள்களுக்கு மட்டும் ஒன்றை ஒட்டி, அந்த வரைகோடுகளைக் கைபேசியிலேயே அவரிடம் காட்டி ஊசி அளவைத் திருத்திக்கொள்கிறோம். மற்ற நாள்களில் விரலில் குத்திப் பார்க்கும் பழைய குளுக்கோமீட்டரும் அதன் சோதனைப் பட்டைகளுமே.